சித்திரை ஊற்றும் ஐப்பசி மண்ணும்: கீழ்ப்பழனி மலையில் ஒரு கூடாரத் தங்குமிடம்

ஊத்து என்ற ஊரிலிருந்து பண்ணைக்காடு வழியாகத் தாண்டிக்குடி போகும் சாலைக்குக் கீழே, ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு காப்பித் தோட்டம்தான் இந்த ஆய்வின் களம். சில்வர் ஓக் நிழலில் காப்பி, மரங்களில் ஏறிய மிளகுக்கொடி, இடையிடையே மலைவாழை, பலா, ஆரஞ்சு என்று அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கே உரிய கலவை. மேல்விளிம்பில் ஒரு ஊற்று இருக்கிறது. அதிலிருந்து வழியும் ஓடை, கீழே தொழிலாளர் குடியிருப்பை ஒட்டிப் போகிறது. இந்தச் சரிவில் கிளாம்பிங் கூடாரங்கள் (கட்டில், மெத்தை வசதியோடு விருந்தினர் தங்குபவை) பத்து போடுவது முதல் திட்டம். எட்டுக்கு மேடை கட்டினார்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் இரண்டைக் கழற்றினார்கள். இன்று நிற்பவை ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் அவற்றிலும் இரண்டு மட்டுமே.

இந்தக் குறைப்பு வியாபாரத் தோல்வி அல்ல. மலையில் ஒரு தங்குமிடம் எத்தனை பேரைத் தாங்கும் என்பதை இரண்டு அளவுகள்தான் சொல்ல முடியும்: சித்திரையில் ஊற்று எவ்வளவு தருகிறது, ஐப்பசியில் மண் எவ்வளவு உறிஞ்சுகிறது. கித்தான், மூங்கில், கூரை ஓலை ஆகியவற்றை வைத்து ஓர் இடத்தைச் சூழலுக்கு உகந்தது என்று மதிப்பிடும் பழக்கம் பரவிவிட்டது. அவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. ஊற்றிலிருந்து எடுப்பதும் மண்ணுக்குள் விடுவதும் தெரியாதவை. கெடுதல் நடப்பது அங்கேதான்.

ஊற்றின் கணக்கு

திட்டம் போட்டது மார்கழியில். அப்போது ஊற்று பொங்கிக்கொண்டிருந்தது. கீழ்ப்பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது தை, மாசி வரை ஊற்றுகளில் நிற்கும். அந்த நேரத்தில் அளந்து பத்துக் கூடாரம் என்று முடிவெடுப்பது வழக்கமான பிழை. அளக்க வேண்டியது ஏப்ரல் இறுதியில், கோடைமழை விழுவதற்கு முன். முறை எளிது: ஊற்றுவாயில் ஒரு ஓஸ் பைப்பைச் செருகிக் களிமண்ணால் அடைத்து, 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று விடியற்காலையிலும் பிற்பகலிலும் பார்க்க வேண்டும். மரங்கள் பகலில் நீர் இழுப்பதால் பிற்பகல் அளவு குறையக்கூடும். குறைந்த அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே கிடைத்தது 5 நிமிடத்துக்கு ஒரு வாளி. அதாவது நிமிடத்துக்கு 2 லிட்டர், நாளுக்கு 2,880 லிட்டர். அதில் பாதி ஓடைக்கும் கீழே குடியிருப்பவர்களுக்கும். இது பேரம் பேசத் தக்கது அல்ல; அந்த ஓடையில் குடம் வைப்பவர்கள் கூடாரத்துக்கு வெகுகாலம் முன்பே அங்கே இருக்கிறார்கள். மிச்சம் 1,440 லிட்டர்.

ஒரு விருந்தினருக்கு நாள் ஒன்றுக்குக் குளிக்க 30 லிட்டர், கைகால் கழுவ 10, குடிக்கவும் சமைக்கவும் 10, துணி வெளுக்க 15, ஃபிளஷ் கழிப்பறைக்கு 30 என்றால் 95 லிட்டர். பத்துக் கூடாரத்தில் இருபது பேர், 1,900 லிட்டர். வேலையாட்கள் நான்கு பேருக்கு 180. மொத்தம் 2,080. கணக்கு இடிக்கிறது. ஃபிளஷுக்குப் பதில் உலர் கழிப்பறை வைத்தால், கழுவுவதற்கான 5 லிட்டர் போக, ஆளுக்கு 70 லிட்டர் போதும். ஆறு கூடாரத்தில் பன்னிரண்டு பேருக்கு 840, வேலையாட்களோடு 1,020. ஆறு கூடாரம் அந்த 1,440க்குள் அடங்கும்.

மழைநீர்த் தொட்டி இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. சமையற்கூடத்தின் தகரக் கூரை 90 சதுர மீட்டர், 500 மி.மீ. மழை பெய்தால், சிந்துவதும் சிதறுவதும் போக 36,000 லிட்டர் கிடைக்கும். கட்டியிருப்பது 20,000 லிட்டர் பெரோசிமெண்ட் தொட்டி. முதல் ஒரு மில்லிமீட்டர் மழை கூரையின் இலைதழையையும் பறவை எச்சத்தையும் கொண்டுவரும் என்பதால், முதலில் ஒரு 100 லிட்டர் டிரம் நிரம்பி, அதன் பிறகே தொட்டிக்குப் போகும்படி குழாய் பிரிகிறது. டிரம்மின் அடியில் மெல்லச் சொட்டும் வால்வு வேண்டும். அது இல்லாமல் போனால் அடுத்த மழைக்கு டிரம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும், அழுக்கு நேராகத் தொட்டிக்குள் போகும். தொட்டியில் 5,000 லிட்டர் எப்போதும் தொடப்படாமல் இருக்க வேண்டும். மாசி, பங்குனியில் பழனி மலையின் புல்சரிவுகளில் தீப் பிடிப்பது ஆண்டுதோறும் நடப்பது.

மேடை

பொக்லைனால் சரிவை வெட்டிச் சமதளம் செய்வது விரைவான வழி. மலையில் அந்த இயந்திரத்தை அனுமதி இல்லாமல் இறக்கக் கூடாது என்பது ஒருபுறம். வெட்டிய மேல்சுவர் ஐப்பசியில் சரியும், கொட்டிய புதுமண் கீழே இறங்கும் என்பது மறுபுறம். அதனால் மேடை கால்களின் மேல் நிற்கிறது. கூடாரம் 5 மீட்டர் விட்டமுள்ள மணி வடிவக் கித்தான் கூடாரம், மேடை 5.4 மீட்டர் சதுரம், 1.8 மீட்டருக்கு ஒரு கால் வீதம் பதினாறு கால்கள். 60 மி.மீ. ஜி.ஐ. பைப், 45 செ.மீ. குழியில் சிறு கான்கிரீட் பாதம். குழியைக் கடப்பாரையால் ஆளே தோண்டிவிடலாம். மேல்சரிவுப் பக்கத்தில் தரைக்கும் மேடைக்கும் குறைந்தது 45 செ.மீ. இடைவெளி விட்டால்தான் காற்று புகும், ஆளும் குனிந்து பார்க்க முடியும். பார்க்க முடியாத அடித்தளத்தில் கறையான் மண்ணுக்கூடு மேலேறுவது தெரியாது. பலகை சில்வர் ஓக் என்பதால் கறையான் பயம் உண்மையானது. மருந்தேற்றிய பலகையும் கால்தலையில் தகரத் தொப்பியும் வேண்டும்.

தாண்டிக்குடிப் பகுதியில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பரவலாக உள்ளன. பலகைக்கல் ஒன்று சற்று ஒழுங்காக நிற்பதுபோல் தோன்றினாலும் அதைப் பெயர்க்காமல் மேடையை நகர்த்துவதே சரி.

எட்டில் இரண்டு மேடைகள் கழற்றப்பட்டதற்குக் காரணம் கசிவு. வெயில் காலத்தில் ஈரமே தெரியாத ஒரு மடிப்பு, மூன்று நாள் அடைமழைக்குப் பின் மண்ணுக்குள்ளிருந்து நீரைக் கக்க ஆரம்பித்தது. கால்களின் பாதங்கள் ஆடின. சேம்பும் பெரணியும் அடர்ந்து வளரும் மடிப்பு கசிவு மடிப்பு என்று தோட்டத்தில் வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். இடம் குறிப்பதற்கு முன் அவர்களை அழைத்துக்கொண்டு ஒரு முறை நடப்பதற்கு ஈடான ஆய்வு கிடையாது.

மீதி ஆறுக்கும் மேல்பக்கத்தில் சமமட்ட வாய்க்கால் வெட்டப்பட்டது. 30 செ.மீ. அகலம், அதே ஆழம், நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு, அடியில் கல் பாவல். அது மேலிருந்து வரும் நீரைத் தோட்டத்தின் தொட்டில் குழிகளுக்கு (மழைநீரைத் தேக்க வெட்டிய நீளக் குழிகள்) கொண்டுபோகிறது. வாய்க்கால் முடியும் இடத்தில் வெட்டிவேர். அது இல்லாத ஒரு முனையில் ஒரே மழையில் முழங்கால் ஆழப் பள்ளம் விழுந்தது.

இடம் தேர்வில் இன்னொன்று: மரம். நிழலுக்காகக் கூடாரத்தைச் சில்வர் ஓக் அடியில் போடுவது பார்க்க அழகு. அந்த மரத்தின் கிளை காற்றில் சட்டென்று முறியும். கல்யாண முருங்கையும் அப்படித்தான். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் திண்டுக்கல் வழியாக இந்த மலையைக் கடந்தபோது மரங்கள் எப்படி விழுந்தன என்பதைத் தோட்டக்காரர்கள் மறக்கவில்லை. புயல் கடற்கரையோடு நின்றுவிடும் என்று எண்ணி மேடை போடக் கூடாது. மரத்தின் உயரம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளி மேடை வர வேண்டும்.

கித்தானும் ஈரமும்

முதல் மழைக்காலத்தில் அதிகப் புகார் வந்தது ஒழுகலைப் பற்றி. ஆனால் பெரும்பாலான இரவுகளில் கூடாரம் ஒழுகவில்லை. உள்ளிருந்தே நனைந்தது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். 5 மீட்டர் மணிக்கூடாரத்தின் உள்கொள்ளளவு ஏறத்தாழ 29 கன மீட்டர். 10 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று 9.4 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஆகக் கூடாரம் முழுவதும் சேர்ந்து 270 கிராம் சொச்சம். இரண்டு பேர் ஓர் இரவில் மூச்சாலும் வேர்வையாலும் வெளிவிடுவது அரை லிட்டருக்கும் மேல். மூடுபனி இரவில் வெளிக்காற்றே நிறைந்துதான் இருக்கும். குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் ஜிப் போட்டு மூடினால், அந்த அரை லிட்டர் கித்தானில் படிந்து விடிகாலையில் முகத்தில் சொட்டும். ஒழுகுகிறது என்று மேலே தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் நிலைமை இன்னும் மோசம். கித்தான் விடும் கொஞ்சநஞ்ச மூச்சும் அடைபடும்.

சரிசெய்தது இப்படி. உச்சியிலுள்ள நான்கு காற்றுவழிகள் எந்த இரவிலும் மூடப்படுவதில்லை. ஜிப் இழுவைகளே கழற்றப்பட்டுவிட்டன. கீழே வலை விளிம்பு 10 செ.மீ. திறந்திருக்கும். மேல் தார்ப்பாய் கித்தானைத் தொடாமல் 30 செ.மீ. உயரத்தில் தனிக் கம்பங்களில் நிற்கிறது. கட்டில் சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி, மெத்தைக்கு அடியில் பலகைக்குப் பதில் சட்டங்கள், இல்லாவிட்டால் மெத்தையின் அடிப்பாகம் பூஞ்சை பிடிக்கும். நனைந்த உடைக்கும் ஷூவுக்கும் வெளியே உலர்த்தும் அறை. குளிருக்கு மூடுவதற்குப் பதிலாகக் கனத்த ரஜாய், கம்பளி, ஆளுக்கு ஒரு வெந்நீர்ப் பை. மார்கழி இரவிலும் இது போதும்.

கரி அடுப்பையோ, பார்பெக்யூ தணலையோ கூடாரத்துக்குள் கொண்டுபோக யாரையும் விடக் கூடாது. தணல் அணைந்ததுபோல் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு மணம் இல்லை. தூங்குபவர் விழிக்க மாட்டார். இரவு பத்து மணிக்கு எல்லாத் தணலிலும் தண்ணீர் ஊற்றுவது காவலரின் வேலைப் பட்டியலில் முதல் வரி.

உண்மையான ஒழுகலும் இருந்தது, இரண்டு இடத்தில். வட்டக் கூடாரம் சதுர மேடையில் நிற்கும்போது நான்கு மூலைகள் வெளியே நீள்கின்றன. கித்தானில் வழியும் மழை அந்த மூலையில் விழுந்து, பலகை வழியே உள்ளே ஓடித் தரைவிரிப்பின் அடியில் தேங்கியது. மூலைகளை வட்டமாக அறுத்து, விளிம்பைக் கூடாரத்தின் சுவருக்கு 5 செ.மீ. உள்ளே கொண்டுவந்ததும் நீர் நேராக மண்ணில் விழுந்தது. இரண்டாவது, தையல். புதுப் பருத்திக் கித்தானை ஒன்றிரண்டு முறை நன்றாக நனைத்து, விறைப்பாகக் கட்டிய நிலையிலேயே காயவிட்டால்தான் நூல் பருத்துத் துளையை அடைக்கும். அவசரத்தில் நேராக மழைக்குக் கொடுத்ததால் தையல் ஓரமெல்லாம் கசிந்தது. இரண்டு வெயிலுக்குப் பின் தானாக நின்றது.

சோப்பும் துணித்தூளும் கித்தானில் படக் கூடாது. நீர்த்தடுப்புப் பூச்சு போய்விடும். பூஞ்சைப் புள்ளிக்குத் தண்ணீர் கலந்த வினிகரும் மென்மையான பிரஷும், காய்ந்தபின் மீண்டும் நீர்த்தடுப்பு மருந்தும். ஈரத்தோடு மடித்து வைத்தால் இரண்டு மூன்று நாளில் கறுத்துவிடும், அந்தக் கறை பிறகு போகாது. பருத்தி நனைந்தால் சுருங்கி முளைகளை இழுக்கும் என்பதால் மழைக்கு முன் கயிறுகளைச் சற்றுத் தளர்த்த வேண்டும். காப்பி மண் நனைந்தால் 30 செ.மீ. முளை கையோடு வரும். 12 மி.மீ. முறுக்குக் கம்பியில் 60 செ.மீ. நீளத்துக்குச் செய்த முளை, அல்லது மேடைச் சட்டத்திலேயே கொக்கி. இங்கே இரண்டும் இருக்கின்றன.

வெந்நீர்

ஒருவருக்கு 20 லிட்டர் வெந்நீர். 15 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கு ஏற்ற 0.63 யூனிட் ஆகும். பன்னிரண்டு பேருக்கு ஏழரை யூனிட். கூரையில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. தை முதல் வைகாசி வரை அது போதும். மழைக்காலத்தில் மேகம் மூன்று நாள் விலகாதபோது அது தண்ணீர்த் தொட்டி மட்டுமே. மின் கெய்சரைச் சோலார் மின்சாரத்தில் ஓட்டுவது இந்த அளவு தங்குமிடத்துக்குக் கட்டாது. எனவே விறகு பாய்லர். காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 4 யூனிட் வெப்பம். பாய்லர் அதில் 40 முதல் 45 சதவீதத்தை நீருக்குக் கொடுத்தால் நாளுக்கு 4 முதல் 5 கிலோ போதும். நிழல்மரம் கவாத்து செய்யும்போது விழுவதே இதற்கு மிஞ்சும். சோலைக்காட்டுச் சுள்ளி ஒன்றுகூட வேண்டாம். ஆனால் அது ஆறு மாதம் கொட்டகையில் காய்ந்திருக்க வேண்டும். பச்சை விறகின் எடையில் பாதியளவு தண்ணீர். அதை எரித்தால் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்கத்தான் நெருப்பு செலவாகும், புகையும் பள்ளத்தாக்கில் தங்கும். பாய்லரின் புகைக்குழாய் உலர்த்தும் அறையின் சுவரை ஒட்டிப் போகிறது. முழு அமைப்பிலும் மிகப் பலன் தந்த மாற்றம் அதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

மண் ஏற்றுக்கொள்வது

ஐப்பசியில் செய்ய வேண்டிய சோதனை: 30 செ.மீ. அகலத்தில் 60 செ.மீ. ஆழக் குழி, முதல் நாள் இரவு நீர் நிரப்பி ஊறவிடுதல், மறுநாள் 15 செ.மீ. நீர் விட்டு அது 2.5 செ.மீ. இறங்க ஆகும் நேரத்தைப் பார்த்தல். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் அந்த மண்ணில் உறிஞ்சுகுழி வேலை செய்யாது. இதே சோதனையைச் சித்திரையில் செய்தால் எந்த மண்ணும் தேர்ச்சி பெறும். இந்தத் தோட்டத்தின் கீழ்ப்பாதி ஐப்பசியில் தேறவில்லை. அங்கே செப்டிக் டேங்க் போட்டிருந்தால் அதன் வழிநீர் நேராக ஓடைக்கு, குடியிருப்பின் குடத்துக்குப் போயிருக்கும்.

ஆகவே இரண்டு கூடாரத்துக்கு ஒன்றாக மூன்று உலர் கழிப்பறைகள். முசிறியில் பயன்பாட்டுக்கு வந்த வகைதான்: மலம், சிறுநீர், கழுவும் நீர் மூன்றுக்கும் தனித்தனி வழி. ஒவ்வொன்றுக்கும் 800 லிட்டர் அறைகள் இரண்டு. மலத்தின் மேல் தூவும் மரத்தூளோடு சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 0.4 லிட்டர் என்றால், ஐந்து பேருக்கு ஓர் ஆண்டில் 730 லிட்டர். ஓர் அறை நிறைந்ததும் மூடி, அடுத்ததைத் திறந்து, மூடியதை இன்னோர் ஆண்டு ஆறவிட வேண்டும். சமவெளியில் ஆறு மாதம் போதும் என்பார்கள். குளிரில் மக்குதல் மெதுவாக நடப்பதால் மலைக்கு ஓராண்டு. அதன்பின் வருவதைக் காப்பிக்கும் மரங்களுக்கும் இடலாம், கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

நாற்றம் வந்தால் காரணம் எப்போதும் தண்ணீர்தான். விருந்தினர் தவறான துளையில் கழுவுவார், அல்லது தூவும் மரத்தூள் ஈரம் இழுத்துக் கட்டியாகிப் பயனற்றுப்போகும். மரத்தூளோடு காய்ந்த காப்பித்தொலியைக் கலந்து மூடியுள்ள டப்பாவில், உலர்த்தும் அறையிலிருந்து தினம் மாற்றி வைத்தால் இரண்டாவது தீரும். முதலாவதற்கு, வந்து இறங்கியதும் ஒருவர் நேரில் காட்டிக்கொடுக்க வேண்டும். சுவரில் ஒட்டிய அறிவிப்பை யாரும் படிப்பதில்லை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு மேல்பாதியில், மண் தேறிய இடத்தில், செப்டிக் டேங்குடன் ஒரு சாதாரணக் கழிப்பறையும் உண்டு. அதை மறுப்பது கொள்கைப் பிடிப்பு ஆகாது.

குளியல், சமையல் கழிவுநீர் நாளுக்கு 1,000 லிட்டருக்குள். சமையல் நீர் முதலில் எண்ணெய்ப் பொறிக்குப் போய், பின் 2 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் நீளம், 60 செ.மீ. ஆழமுள்ள ஜல்லிப் படுகையில் கல்வாழை வேர்களுக்கிடையே இரண்டு நாள் தங்குகிறது. ஜல்லியின் இடைவெளி 40 சதவீதம் என்று கொண்டால் இந்த அளவு சரியாக வரும். பொறியை வாரம் ஒரு முறை வழிக்காவிட்டால் ஜல்லியின் முதல் அரை மீட்டர் அடைத்துக்கொள்ளும். அதன்பின் தோண்டி எடுத்துக் கழுவுவதைத் தவிர வழியில்லை.

மற்றவை

மின்சாரம் எளிது. விளக்கும் கைப்பேசி சார்ஜும் கூடாரத்துக்கு 150 வாட்-மணி; பிரிட்ஜ், பம்பு, ரூட்டர் சேர்த்து நாளுக்கு 3 யூனிட். 3 கிலோவாட் சோலார் தகடு, இரண்டு நாள் மேகத்தைத் தாங்க 7 யூனிட்டுக்குச் சற்று மேற்பட்ட லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. ஆறு கூடாரத்திலும் 1.5 கிலோவாட் ஹீட்டரை நான்கு மணி நேரம் ஓட்டினால் 36 யூனிட் போய்விடும். அதனால் ஹீட்டர் கிடையாது, முன்பதிவின்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்.

கீழ்ப்பழனி மலை யானைகள் நடமாடும் இடம். காட்டுமாடும் காட்டுப்பன்றியும் தினசரி. ஆனியில் பலா பழுப்பதற்கு முன்பே மேடையைச் சுற்றியுள்ள மரங்களில் காயைப் பிஞ்சிலேயே இறக்கிவிட வேண்டும். பழுத்த பலா வாசனைக்கு வரும் யானையைப் பட்டாசாலோ தீப்பந்தத்தாலோ விரட்டும் நிலைக்கு வருவதே தங்குமிடத்தின் குற்றம். உணவுக் கழிவு மூடிய சிமெண்ட் தொட்டியில். கூடாரத்துக்குள் தின்பண்டம் கூடாது. விளக்கு மஞ்சள் நிறம், தரையைப் பார்த்து, இரவு பத்துக்கு மேல் பாதையில் மட்டும்.

அனுமதி விஷயத்தில் வரிசை முக்கியம். பட்டா நிலம் என்பதாலேயே கட்டலாம் என்றாகாது. மலையிடப் பாதுகாப்பு விதிகளில் அந்தக் கிராமம் வருகிறதா, 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்தின் எல்லை எவ்வளவு தூரம் என்பதை முதலில் பார்த்து, அதன்பின்தான் மேடைக்குப் பணம் இறங்க வேண்டும். நீலகிரியின் சீகூரில் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளை அகற்றும் உத்தரவை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது எல்லா மலைக்கும் பாடம். உணவுப் பாதுகாப்பு உரிமம், வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் ஆகியவை வழக்கமானவை.

இப்போது அங்கே ஒரு பதிவேடு இருக்கிறது. வாரம் ஒரு முறை ஊற்றின் வாளி அளவு, மழைமானியின் அளவு, ஜல்லிப் படுகை வெளிவாயில் நீரின் நிறமும் மணமும், எந்தக் கழிப்பறை அறை எந்தத் தேதியில் மூடப்பட்டது, ஒவ்வொரு கித்தானும் கடைசியாக முழுதாகக் காய்ந்த நாள் ஆகியவற்றை எழுதுகிறார்கள். முன்பதிவைத் தீர்மானிப்பதும் அதே ஏடுதான். ஊற்று நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டருக்குக் கீழே இறங்கினால் நான்கு கூடாரம் மட்டும். ஒரு லிட்டருக்குக் கீழே போனால், அது கோடை விடுமுறையின் உச்ச வாரமாக இருந்தாலும், மழை வரும்வரை முன்பதிவு இல்லை.